அப்பாவுக்குக் காலில் இரத்த உறைவு, சித்தப்பாவுக்கு மாரடைப்பு: இரண்டுக்கும் ஒரே மரபணுதான் காரணமா?

நீலவானம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, என் அப்பாவுக்கு 46 வயதாக இருந்தபோது, கணுக்கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். கட்டைப் பிரித்த மறுநாளே அந்தக் கெண்டைக்கால் வீங்கத் தொடங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. அது மேலெழும்ப வெகுநேரம் பிடித்தது. நெடுநாள் அசையாமல் கிடந்த கால்தானே, நடக்க நடக்கச் சரியாகிவிடும் என்று எல்லோருமே நினைத்தோம். நான்காம் நாள் மாடிப்படி ஏறும்போது பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். காலின் ஆழ்சிரையில் உறைந்திருந்த இரத்தத்தில் ஒரு துண்டு பிரிந்து நுரையீரலுக்குப் போயிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. சிகிச்சை முடிந்தபின் செய்த பரிசோதனையில், ‘ஃபேக்டர் ஃபைவ் லெய்டன்’ என்ற மரபணு மாறுபாடு, தாய் தந்தை வழி வரும் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும், அவருக்கு இருப்பதாக அறிக்கை வந்தது.

இரண்டு மாதங்களுக்கு முன்பு அவருடைய உடன்பிறந்த தம்பிக்கு, அதாவது என் சித்தப்பாவுக்கு, 49 வயதில் மாரடைப்பு வந்தது. அவர் புகைபிடிக்காதவர்; சர்க்கரை நோயும் இல்லை. ‘அண்ணனுக்குக் காலில் உறைந்த இரத்தம் தம்பிக்கு இதயத்தில் உறைந்திருக்கிறது, நம் இரத்தமே அப்படித்தான்’ என்று உறவினர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் மறுத்துச் சொல்லவும் தெரியவில்லை. என் தங்கைக்கு 27 வயதாகிறது. மாதவிடாய்க் கோளாறுக்காகக் கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்கிறாள். நாங்கள் இருவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா, சித்தப்பாவின் பிள்ளைகளுக்கும் இதையே பார்க்க வேண்டுமா என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மருத்துவர் இளவேனில் எழுதியது:

உங்களுக்குத் தோன்றிய ஐயம் நியாயமானது. நான் உங்கள் குடும்பத்தாரைப் பார்த்துச் சிகிச்சை தருபவன் அல்லன் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இரத்தக் கட்டி என்று ஒரே சொல்லால் சொன்னாலும், சிரையில் உருவாகும் கட்டியும் தமனியில் உருவாகும் கட்டியும் பிறக்கும் விதமே வேறு. சிரையில் இரத்தம் மெதுவாக ஓடுகிறது. ஓட்டம் தேங்கும்போது, இரத்தத்தில் உள்ள உறைதல் காரணிகள் ஒன்றையொன்று தூண்டி ஃபைப்ரின் என்ற இழைகளை வலைபோலப் பின்ன, அந்த வலையில் சிவப்பணுக்கள் சிக்கிக் கட்டி செந்நிறமாக வளர்கிறது. இதயத் தமனியில் நடப்பது வேறு கதை. பல ஆண்டுகளாகச் சுவருக்குள் படிந்த கொழுப்புத் திட்டு ஒருநாள் வெடிக்க, வெடித்த இடத்தில் தட்டணுக்கள் திரண்டு ஒட்டி, வேகமாக ஓடும் இரத்தத்தை அடைத்துவிடுகின்றன. இதனால்தான் உங்கள் அப்பாவுக்கு உறைதல் காரணிகளைத் தடுக்கும் மருந்தும், சித்தப்பாவுக்குத் தட்டணுக்களைத் தடுக்கும் ஆஸ்பிரின் போன்ற மருந்தும் கொடுத்திருப்பார்கள். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை மாற்றிக் கொடுக்க முடியாது.

அப்பாவின் மாறுபாட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் பாதி அச்சம் விலகும். உறைதலை முடுக்கிவிடும் காரணிகளில் ஐந்தாவது காரணியும் (‘ஃபேக்டர் ஃபைவ்’) ஒன்று. தேவையான அளவு உறைந்ததும் அதை நிறுத்துவதற்கு, முடுக்கப்பட்ட ‘புரதம் சி’ வந்து அந்தக் காரணியைக் குறிப்பிட்ட சில இடங்களில் வெட்டிச் செயலிழக்கச் செய்கிறது. அந்த வெட்டுமிடங்களில் முக்கியமானது 506ஆவது அமினோ அமிலம். அங்கே ஆர்ஜினின் இருக்க வேண்டும். லெய்டன் மாறுபாடு உள்ளவர்களுக்குக் குளுட்டமின் இருக்கிறது. கத்தரி பிடிக்க இடம் இல்லாததால் காரணி செயலிழக்கச் சுமார் பத்து மடங்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே இவர்களின் இரத்தம் எந்நேரமும் கட்டிபட்டுக்கொண்டிருப்பதில்லை; உறையத் தொடங்கிவிட்டால் நிற்பதற்குத்தான் தாமதமாகிறது. இந்தத் தடுப்புக்குச் சிலருடைய இரத்தம் இணங்குவதில்லை என்பதை 1993-இல் சுவீடனின் பியோன் டால்பேக் கண்டறிந்தார். அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 1994-இல் நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர்கள் கண்டுபிடித்ததால் அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது.

ஒரு பிரதி மட்டும் உள்ளவர்களுக்குச் சிரையில் உறைவு ஏற்படும் வாய்ப்பு, இல்லாதவர்களைவிட மூன்று முதல் ஏழு மடங்கு வரை அதிகம். கேட்க அச்சமாக இருக்கும். ஆனால் ஒரு பிரதி உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் எந்த உறைவும் இல்லாமலே இருந்துவிடுகிறார்கள். உங்கள் அப்பாவுக்கு மரபணுவோடு மாவுக்கட்டும் அசைவின்மையும் சேர்ந்தன. இரத்த ஓட்டம் தேங்குவது, குழாய்ச் சுவர் காயப்படுவது, இரத்தத்தின் தன்மை மாறுவது ஆகிய மூன்றும் கூடும்போது உறைவு பிறக்கிறது என்ற பார்வை 19ஆம் நூற்றாண்டின் ருடால்ஃப் ஃபிர்ஹோவின் பெயரால் இன்றும் வழங்குகிறது. அப்பாவுக்கு அந்த மூன்றுமே ஒரே காலத்தில் வந்து கூடின.

மாரடைப்பைப் பொறுத்தவரை இந்த மாறுபாட்டின் பங்கு மிகச் சிறியது. 49 வயதில் வந்த மாரடைப்பை இதன் தலையில் போட்டுவிட்டு உட்கார்ந்தால், உண்மையான காரணம் கண்டுபிடிக்கப்படாமல் போய்விடும் என்பதுதான் எனக்குக் கவலை.

கேள்வியாளன் எழுதியது:

இவ்வளவு விளக்கம் எதற்கு? குடும்பத்தில் எல்லோருக்கும் எல்லா மரபணுப் பரிசோதனைகளையும் ஒரே நேரத்தில் செய்துவிட்டால் தெளிவு கிடைத்துவிடும் அல்லவா? எனக்கு ‘எம்டிஎச்எஃப்ஆர்’ மரபணுவில் இரண்டு பிரதிகளும் மாறியிருப்பதாகக் கண்டுபிடித்து, ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடர்ந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நானும் எடுத்து வருகிறேன். அறியாமல் இருப்பதைவிட அறிந்திருப்பது மேல் என்பது என் உறுதியான கருத்து.

மருத்துவர் இளவேனில் எழுதியது:

அறிவது நல்லதுதான், ஆனால் அறிந்தபின் செய்ய ஏதாவது இருக்க வேண்டும். நீங்கள் குறிப்பிட்ட மரபணுவே அதற்குச் சான்று. அது ஹோமோசிஸ்டீன் என்ற பொருளின் அளவைச் சற்று உயர்த்தக்கூடும். ஹோமோசிஸ்டீன் மிகுந்தவர்களுக்கு உறைவும் இதய நோயும் அதிகம் என்று பார்த்ததால், அதைக் குறைத்தால் நோயும் குறையும் என்று ஒரு காலத்தில் நாங்களும் உண்மையாகவே நம்பினோம். ஃபோலிக் அமிலத்தையும் பி வகை வைட்டமின்களையும் கொடுத்துப் பெரிய சோதனைகள் நடத்தப்பட்டன; ஹோமோசிஸ்டீன் குறைந்தது, ஆனால் மாரடைப்பு குறையவில்லை, சிரை உறைவு திரும்ப வருவதும் குறையவில்லை. அந்த மாறுபாடு பல மக்கள் கூட்டங்களில் மிகப் பரவலாகக் காணப்படுவது. உறைவுக்கான ஆய்வில் இந்தப் பரிசோதனையைக் கேட்கவே வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2013-இல் வழிகாட்டுதலே வெளியிட்டது. உங்கள் மாத்திரையைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை மனம்விட்டுக் கேளுங்கள். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஓர் அறிக்கை ஒருவரை ஆண்டுக்கணக்கில் நோயாளியாகவே உணர வைத்துவிடுகிறது என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆய்வகத்தான் எழுதியது:

இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரத்த உறைதல் பரிசோதனைகளைச் செய்து வருபவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். உறைவு நோய்க்கான பரிசோதனைகளில் இரண்டு வகை உண்டு. அவற்றைப் பிரித்தறியாமல் எடுப்பதால் வரும் துன்பம் கொஞ்சநஞ்சமல்ல.

ஃபேக்டர் ஃபைவ் லெய்டனையும், 1996-இல் கண்டறியப்பட்ட, புரோத்ராம்பின் என்ற மற்றோர் உறைதல் காரணிக்கான மரபணுவின் 20210ஆம் இட மாறுபாட்டையும் டிஎன்ஏவில் நேரடியாகப் பார்க்கிறோம். காய்ச்சல் இருந்தாலும், மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலும், கருவுற்றிருந்தாலும் அந்த விடை மாறாது. உறைதலுக்குத் தடைபோடும் புரதங்களான ஆன்டித்ராம்பின், புரதம் சி, புரதம் எஸ் ஆகிய மூன்றும் அப்படியல்ல. அவற்றின் அளவையோ செயலையோதான் அளக்கிறோம். புதிதாக உறைவு ஏற்பட்ட நேரத்தில் மூன்றுமே செலவழிந்து குறைவாகத் தெரியலாம். உறைவுக்குத் தரும் மருந்துகளில், ஹெப்பாரின் ஊசி போட்டால் ஆன்டித்ராம்பின் குறையும். வார்ஃபரின் எடுத்தால் புரதம் சி, எஸ் இரண்டும் குறையும். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரையிலும் கருவுற்ற காலத்திலும் புரதம் எஸ் தானாகவே இறங்கும்.

ஒரு பெண்ணின் பழைய அறிக்கையை நான் கையில் வாங்கிப் பார்த்த நாள் இன்னும் நினைவில் இருக்கிறது. ‘புரதம் எஸ் குறைபாடு, பிறவி நோய்’ என்று எழுதியிருந்தது. இரத்தம் எடுத்த தேதியைப் பார்த்தேன். அப்போது அவர் ஏழு மாதக் கர்ப்பிணி. இரண்டு ஆண்டுகளாக அந்தக் காகிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு, இன்னொரு குழந்தை வேண்டாம் என்ற முடிவுக்கே வந்திருந்தார். மறுபடி எடுத்துப் பார்த்தபோது அளவு முழுக்க இயல்பாக இருந்தது. அவர் அறிக்கையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் பேசவே இல்லை.

இன்னொன்று சின்னதுதான், ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இந்தப் பரிசோதனைகளுக்கு நீல மூடிக் குழாயில் இரத்தம் எடுப்பார்கள். அதில் உள்ள சிட்ரேட் ஒரு பங்கு என்றால் இரத்தம் ஒன்பது பங்கு இருக்க வேண்டும். குழாயில் போட்டிருக்கும் கோடு வரை நிரம்பவில்லை என்றால் அதை நாங்கள் ஏற்கக் கூடாது. பாதி நிரம்பிய குழாயில் வந்த விடையை வைத்து யாரும் வாழ்க்கையை முடிவு செய்துவிடக் கூடாது.

நதிக்கரை எழுதியது:

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்லள். இரண்டு முறை ஆழ்சிரை உறைவுக்கு ஆளானவள். முதல் உறைவுக்குப் பிறகு மேலே சொன்ன எல்லாப் பரிசோதனைகளையும் செய்தார்கள். எல்லாமே இயல்பு என்று வந்தது. அந்தத் தாளைப் பார்த்ததும், இனி எனக்கு ஒன்றும் வராது என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். என் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் உறைவு வந்திருந்ததை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, எந்தத் தூண்டுதலும் இல்லாமல், மற்றொரு காலில் வந்தது. கேள்வியாளன் சொல்வதுபோல் அறிவது நல்லதுதான். ஆனால் அறிக்கை ‘இல்லை’ என்று சொல்வதை ஆபத்தே இல்லை என்று படித்துவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

மருத்துவர் இளவேனில் எழுதியது:

நதிக்கரை அம்மா சொன்னது இந்த இழையிலேயே மிக முக்கியமான செய்தி. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ சிரை உறைவு வந்திருந்தால், அறியப்பட்ட மாறுபாடுகள் எவையும் இல்லாதவர்களுக்கும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. நாம் பெயர் வைத்து அழைக்கும் மாறுபாடுகள் குடும்பத்தில் ஓடும் காரணங்களில் ஒரு பகுதிதான். சாதாரண இரத்தப் பிரிவுகூட இதில் சேரும் என்பது பலருக்குத் தெரியாது. ‘ஓ’ பிரிவினருக்கு, உறைதலுக்கு உதவும் ஃபான் வில்லிபிராண்ட் காரணி என்ற புரதம் கால் பங்கு அளவுக்குக் குறைவாக இருப்பதால், மற்றப் பிரிவினருக்கு அவர்களைவிடச் சிரை உறைவு ஏறக்குறைய இரு மடங்கு அதிகம்.

இன்னொரு விந்தையும் உண்டு. ஒரு பிரதி லெய்டன் மாறுபாடு முதல் உறைவுக்குப் பெரிய காரணம். ஆனால் உறைவு திரும்ப வருவதை அது சற்றே அதிகமாக்குகிறது, அவ்வளவுதான். எனவே வாழ்நாள் முழுவதும் மருந்து வேண்டுமா என்பதை, அந்த அறிக்கையைவிட, உறைவு எப்படி வந்தது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மாவுக்கட்டு போன்ற தெளிவான, விலகிவிடும் காரணத்தால் வந்தவர்களுக்குப் பொதுவாக மூன்று மாதச் சிகிச்சை போதும். காரணமே இல்லாமல் வந்தவர்களுக்கு நீண்டகால மருந்தைப் பற்றிப் பேசுகிறோம்.

நீலவானம், இனி உங்கள் தங்கைக்கு வருகிறேன். அப்பாவிடம் ஒரு பிரதி இருப்பதால், உங்களுக்கும் தங்கைக்கும் தனித்தனியே பாதிக்குப் பாதி வாய்ப்பு. லெய்டன் குழுவினர் 1994-இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். மாத்திரையும் மாறுபாடும் இல்லாத பெண்கள் 10,000 பேரில் ஓராண்டில் உறைவு வந்தது ஒருவருக்கும் குறைவு. மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் மூவர். மாறுபாடு மட்டும் உள்ளவர்களில் ஆறு பேருக்கு நெருக்கம். இரண்டும் சேர்ந்தவர்களில் 28 பேருக்கு மேல். இரண்டு ஆபத்துகள் கூட்டலாக வராமல் பெருக்கலாக வருவதைக் காண்கிறீர்கள். அதே நேரத்தில், இரண்டும் சேர்ந்த 10,000 பெண்களில் 9,970 பேருக்கு மேல் அந்த ஆண்டில் ஒன்றுமே வரவில்லை என்பதும் அதே கணக்குதான்.

தங்கை உடனே தம் மருத்துவரைப் பார்த்து, அப்பாவுக்கு நடந்ததைச் சொல்லட்டும். என்னிடம் வந்தால், மரபணு விடை வருவதற்குக் காத்திராமலே ஈஸ்ட்ரோஜன் இல்லாத வழிக்கு மாற்றுவேன். புரோஜெஸ்டின் என்ற ஹார்மோன் மட்டும் உள்ள மாத்திரையோ கருப்பைக்குள் வைக்கும் சாதனமோ உறைவு ஆபத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் கூட்டுவதில்லை. பரிசோதனை செய்தால் அதன் பயன் பிற்காலத்தில் கருவுறும்போது, குறிப்பாகக் குழந்தை பிறந்தபின் வரும் ஆறு வாரங்களில், தெரியும். அந்த ஆறு வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. முன்கூட்டித் தெரிந்திருந்தால் உறைவைத் தடுக்கும் ஊசி பற்றி முடிவெடுக்கலாம்.

சித்தப்பாவுக்குத் தேட வேண்டியது வேறு இடத்தில். முதலில், கெட்ட கொழுப்பு என்று சொல்லப்படும் எல்டிஎல் கொழுப்பு. மாரடைப்புக்கு முன்பு, மருந்து இல்லாமல், டெசிலிட்டருக்கு 190 மில்லிகிராமுக்கு மேல் இருந்ததா என்று பழைய அறிக்கைகளைத் தேடுங்கள். குடும்பவழி மிகைக்கொழுப்பு நோய் சுமார் 250 பேரில் ஒருவருக்கு உண்டு. குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் தடித்து முடிச்சுப்போல் இருக்கிறதா, 45 வயதுக்கு முன்பே கருவிழி ஓரத்தில் வெண்வளையம் தெரிந்ததா என்று அவருடைய மருத்துவர் பார்ப்பார். பல வீடுகளில் ‘எங்கள் அப்பாவுக்கும் குதிகால் அப்படித்தான்’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள்.

அடுத்தது லிப்போபுரதம் ஏ. 1963-இல் நார்வேயின் கோரெ பெர்க் கண்டறிந்தது. எல்டிஎல் துகளோடு இன்னொரு புரதம் ஒட்டிக்கொண்ட வடிவம் அது. இதன் அளவு பெரும்பாலும் பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறது. உணவுக் கட்டுப்பாடோ உடற்பயிற்சியோ அதை அசைப்பதில்லை, எல்டிஎல்லைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தும் குறைப்பதில்லை. ஐந்தில் ஒருவருக்கு இது டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. வழக்கமான கொழுப்புப் பரிசோதனையில் தனியாகத் தெரிவதில்லை என்பதால் அவர்களில் பலர் அறியாமலே வாழ்கிறார்கள். வாழ்நாளில் ஒருமுறை அளந்தால் போதும். புகைபிடிக்காத, சர்க்கரை இல்லாத ஒருவருக்கு 49 வயதில் மாரடைப்பு வந்தால் இதை அளக்காமல் விடுவது எனக்கு ஒப்பாது.

கேள்வியாளன் எழுதியது:

எம்டிஎச்எஃப்ஆர் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின் என் மருத்துவரிடம் கேட்டேன். மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு ஐயம் எஞ்சியிருக்கிறது. லிப்போபுரதம் ஏயைக் குறைக்க வழியில்லை என்றால், அதை அறிந்து மட்டும் என்ன செய்வது? நீங்கள் வைத்த அளவுகோலே இதற்கும் பொருந்தும் அல்லவா?

மருத்துவர் இளவேனில் எழுதியது:

சரியான கேள்வி. அதை மட்டும் குறிவைத்துக் குறைக்கும் மருந்துகள் இப்போது பெரிய சோதனைகளில் இருக்கின்றன. அதுவரை கைக்கட்டி நிற்க வேண்டியதில்லை. ஒரு பக்கத்துச் சுமையை இறக்க முடியாதபோது மறுபக்கத்துச் சுமைகளை இறக்குகிறோம். எல்டிஎல்லை மற்றவர்களைவிடக் கடுமையாகக் குறைக்கிறோம், இரத்த அழுத்தத்தை முன்கூட்டியே கவனிக்கிறோம்.

எல்டிஎல்லைக் குறைப்பது எவ்வளவு தூரம் காக்கும் என்பதை மரபணுவே நமக்குக் காட்டியிருக்கிறது. 2003-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ‘பிசிஎஸ்கே9’ மரபணுவின் சில மாறுபாடுகள் கொழுப்பை மிக உயர்த்துவதைக் கண்டார்கள். அமெரிக்காவில் ஆய்வு செய்த ஹெலன் ஹாப்ஸும் ஜொனாதன் கோயனும் அதே மரபணு செயலிழந்தவர்களைத் தேடினார்கள். பிறப்பிலிருந்தே எல்டிஎல் 28 விழுக்காடு குறைவாக இருந்த கறுப்பின அமெரிக்கர்களுக்கு இதய நோய் 88 விழுக்காடு குறைவாக இருந்ததை 2006-இல் வெளியிட்டார்கள். இன்று ஊசியாகக் கிடைக்கும் மருந்துகள் அந்த மனிதர்களின் இரத்தத்தைப் பார்த்துக் கற்றவை. மாறுபாடு என்றாலே கேடு என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன்.

ஒற்றை மரபணுவைத் தாண்டி, சிறுசிறு மாறுபாடுகள் பல சேர்ந்து வரும் ஆபத்தும் உண்டு. அப்படி மரபு ஆபத்து மிகுந்தவர்களிலும், புகைபிடிக்காமல், எடையைக் கட்டுக்குள் வைத்து, உடலை அசைத்து, நல்ல உணவு உண்பவர்களுக்கு இதய நோய் பாதிக்கு நெருக்கமாகக் குறைந்திருந்ததை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆய்வகத்தான் எழுதியது:

சித்தப்பாவுக்கு ஸ்டென்ட் (அடைபட்ட தமனியைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைத்து, தட்டணுக்களைத் தடுக்கும் குளோப்பிடோக்ரெல் மருந்து கொடுத்திருந்தால் இதையும் கேட்டுவையுங்கள். அந்த மருந்தைக் கல்லீரலில் உள்ள ‘சிஒய்பி2சி19’ என்ற நொதிதான் செயல்படும் வடிவுக்கு மாற்றுகிறது. அந்த மரபணு இரண்டு பிரதிகளிலும் செயலிழந்தவர்களுக்கு மருந்து சரியாக வேலை செய்யாது. 2010-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதற்காக மருந்துக் குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கையே சேர்த்தது. வேறு மருந்துகள் இருக்கின்றன. ஆனால் மருத்துவரிடம் கேட்காமல் ஒருநாள்கூட நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்டில் கட்டி அடைத்துவிடும்.

நீலவானம் எழுதியது:

ஐந்து வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

சித்தப்பாவின் லிப்போபுரதம் ஏ 118 மில்லிகிராம். அப்பாவுக்கு 14. ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர்களுக்குள் இவ்வளவு வேறுபாடு இருக்க முடியுமா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். சித்தப்பாவுக்கு லெய்டன் மாறுபாடு இல்லை. ஸ்டென்ட் வைத்த மருத்துவரே வேறு காரணத்துக்காக அதையும் பார்த்திருந்தார். தங்கை அன்றைக்கே மருத்துவரைப் பார்த்து மாத்திரையை மாற்றிக்கொண்டாள். பிறகு பரிசோதனையும் செய்துகொண்டாள், அவளுக்கு ஒரு பிரதி இருக்கிறது. எனக்கு இல்லை. அதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. அவள் கையைத்தான் பிடித்துக்கொண்டேன்.

மருத்துவர் இளவேனில் எழுதியது:

இருக்க முடியும். தாத்தா பாட்டியிடம் லிப்போபுரதம் ஏ மரபணுவின் பிரதிகள் மொத்தம் நான்கு. அவற்றில் இரண்டை உங்கள் அப்பா பெற்றார், சித்தப்பா வேறு இரண்டைப் பெற்றிருக்கலாம். லெய்டன் மாறுபாடும் அப்படியே ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போயிருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு தனித்தனி மரபுகள் ஓடியிருக்கின்றன.

சித்தப்பாவின் பிள்ளைகளுக்கு லெய்டன் பரிசோதனை தேவையில்லை. லிப்போபுரதம் ஏயை ஒருமுறை அளந்து, எல்டிஎல்லையும் பாருங்கள். உங்கள் தங்கைக்கு இப்போது அன்றாட மருந்து எதுவும் வேண்டாம். அறுவைச் சிகிச்சை, மாவுக்கட்டு, கருவுறுதல், நெடுந்தூர விமானப் பயணம் ஆகியவற்றுக்கு முன்பு இந்த அறிக்கையைக் காட்டட்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினால் நான்கு நாள் காத்திருக்க வேண்டாம், அன்றே போகட்டும்.

நீலவானம் எழுதியது:

அவளுடைய கைப்பேசியில் அறிக்கையைப் படமெடுத்து வைத்திருக்கிறோம். சித்தப்பாவின் மகனுக்கு 19 வயது. வரும் திங்கட்கிழமை இரத்தம் கொடுக்கிறான்.